பிடித்த புத்தகமும் கையிலிருக்கும் புத்தகமும்: வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருவோர் கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் கிளை நூலகத்தில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசகர் வட்டம் கூடுகிறது. எட்டு ஆண்டுகளாக அதை ஒருங்கிணைத்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தயக்கங்களோடுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். அவர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளையும், எங்கள் அனுபவத்திலிருந்து நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

நூலகத்தின் மாடியில் ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி உண்டு. பன்னிரண்டு பேர் முதல் பதினைந்து பேர் வரை வருவார்கள். முதலில் ஒவ்வொருவரும் தாம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி மூன்று நிமிடங்கள் பேசுவார்கள். அதன்பின் முன்கூட்டியே பெயர் கொடுத்த இருவர், தமக்கு மிகவும் பிடித்த ஒரு நூலைப் பற்றிக் கால்மணி நேரம் பேசி, அதிலிருந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். பிறகு சுக்குக்காபி. புத்தகங்கள் கைமாறுவது அந்த நேரத்தில்தான். கட்டணம் எதுவும் கிடையாது; பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

நான் இப்போது படிக்கும் நூலை இன்னும் முடிக்கவில்லை. முடித்துவிட்டு அடுத்த மாதம் வரட்டுமா?

வேண்டாம், இந்த மாதமே வாருங்கள். எங்கள் வட்டத்தில் நான் மிகுந்த பிடிவாதம் காட்டும் விஷயம் இது ஒன்றுதான். படித்து முடித்தவரிடம் ஒரு முடிவான கருத்து இருக்கும். நடுவில் நிற்பவரிடம் சந்தேகம் இருக்கும், ஊகம் இருக்கும், எங்கே சலிப்புத் தட்டியது என்பது அப்படியே நினைவில் இருக்கும். நூலை முடித்தவுடன் இவற்றில் பெரும்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். அதனால் பாதி வழியில் நிற்கும்போதே பேசினால்தான் அவை மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் வட்டத்தில் ஓர் ஆசிரியை, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலைப் பாதி படித்த நிலையில் வந்தார். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் செகந்திராபாத்தில் வாழும் ஒரு தமிழ் இளைஞனைப் பற்றிய நாவல் அது. “இவன் கிரிக்கெட் ஆடிக்கொண்டே இருக்கிறான், ஊரில் ஏதோ பயங்கரமாக நடக்கப்போகிறது போல இருக்கிறது, ஆனால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை” என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே, இரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஐதராபாத் சமஸ்தானம் 1947-இல் இந்தியாவுடன் சேராமல் தனித்து நின்றது, ரஜாக்கர்கள் என்ற ஆயுதப்படை வலுத்தது, 1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் உள்ளே நுழைந்தது என்று வரிசையாக விளக்கினார். அந்த ஆசிரியை நாவலை முழுவதும் முடித்துவிட்டு வந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்; எங்களில் பாதிப்பேர் அந்த வரலாற்றை அறிந்திருக்கவும் மாட்டோம். அடுத்த மாதம் அவர் மீண்டும் பேசியபோது, கிரிக்கெட் வரும் பக்கங்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். முதல்முறை அவருக்குப் பொறுமையைச் சோதித்த பக்கங்கள் அவை.

பிடிக்காமல் பாதியில் மூடிவைத்த நூலைப் பற்றியும் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எத்தனையாவது பக்கத்தில் மூடினீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொன்னால் போதும்.

எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறையப் படித்திருக்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

மிகச் சிறந்த நூல் எது என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் இரண்டாவது பிரதி வாங்கிய நூல் எது? வீடு மாறும்போது மூட்டை கட்டாமல் கையிலேயே எடுத்துச் சென்றது எது? தூக்கம் வராத இரவில் எந்தப் பக்கம் என்று பாராமல் விரித்து வைத்துப் படிப்பது எதை? இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் இருக்கும். அந்த நூலை எடுத்து வாருங்கள்.

அது கதைப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கராக இருக்கும் நண்பர், கி. ராஜநாராயணன் தொகுத்து 1982-இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தமக்குப் பிடித்த நூலாகக் கொண்டுவந்தார். அகராதியைப் பற்றி ஒருவர் கால்மணி நேரம் என்ன பேசிவிட முடியும் என்று எனக்கே ஐயமாகத்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே போக, உழவுச் சொற்களில் பேச்சு நின்றுவிட்டது. கமலை என்றால் என்னவென்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். எழுபது வயதைக் கடந்த ஒரு சம்சாரி (எங்கள் பக்கத்தில் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்), காபித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். தாம் மாடுகளுக்குப் பின்னால் நிற்பதாக வைத்துக்கொண்டு, மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டுத் தண்ணீரோடு சால் என்னும் பெரிய வாளி கிணற்றிலிருந்து மேலே வருவதையும், அவை பின்னோக்கி நடந்து ஏறும்போது வெற்றுச்சால் கிணற்றுக்குள் இறங்குவதையும், மாடியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நடந்து காட்டினார். பின்னோக்கி நடக்கும்போது அவருடைய இடது கை, வடத்தைப் பிடித்திருப்பதைப் போலவே மூடியிருந்தது. அன்றைக்கு இரண்டாவதாகப் பேச வேண்டியவரின் முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதில் அவருக்கும் வருத்தமில்லை.

பேசும்போது முழுக் கதையையும் சொல்லலாமா?

தொடக்கத்தைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். கதைச்சுருக்கம் சொல்வதில் பெரும்பாலோருக்கு ஓர் எளிமை இருப்பதால், கொடுத்த நேரம் முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. அந்த நூல் தமக்கு ஏன் பிடித்தது என்பதைச் சொல்ல நேரம் இருப்பதில்லை. பக்கத்து ஊரான இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் பற்றி ஒருவர் பேசிய விதத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொடுத்துப் பழகிய ஒருவரைப் பற்றிய கதை இது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். பிறகு, சிறுவயதில் தம் அக்காவுக்கு மட்டும் பரிசு கிடைத்து, தமக்குக் கிடைக்காத ஒரு பொங்கல் நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு, “கடைசிப் பக்கத்தை வீட்டுக்குப் போய் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் அந்தத் தொகுப்பு ஒருவர் கையிலிருந்து நேராக இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் வாரப்பத்திரிகைத் தொடர்களும் மாதநாவல்களும்தான் படித்திருக்கிறேன். அவற்றைப் பற்றிப் பேசினால் மதிப்பார்களா?

மதிப்போம். தமிழில் பல குடும்பங்களுக்கு வாசிப்புப் பழக்கம் வாரப்பத்திரிகையின் வழியாகத்தான் வந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வெளிவந்த தொடர். வீட்டில் ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்த கதையை எங்கள் வட்டத்திலேயே மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகையிலிருந்து அத்தியாயங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, அச்சகத்தில் கொடுத்து பைண்டு செய்து வைத்திருந்த ஒரு தொகுதியை ஓர் அம்மாள் கொண்டுவந்தார். அதில் மணியத்தின் ஓவியங்கள் இருந்தன. தொடர்ச்சிப் பக்கங்களின் ஓரத்தில் அந்தக் காலத்து விளம்பரங்கள் பாதி வெட்டுப்பட்டு நின்றன. இரண்டு அத்தியாயங்கள் கிடைக்காமல் போனதால், அவற்றை அவருடைய தகப்பனார் நோட்டுத்தாளில் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். இப்படி ஒரு நூலைப் பாதுகாத்தவரின் வாசிப்பைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது; வேறு யாரும் பேசவும் விடமாட்டேன்.

எனக்கு உயிரான நூலை ஒருவர் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால்?

சொல்வார்கள், அதற்கு ஆயத்தமாகவே வாருங்கள். எங்களிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: மறுத்துப் பேசுபவர் அந்த நூலைத் தாமும் படித்திருக்க வேண்டும், எந்த இடம் தமக்கு ஒப்பவில்லை என்று நூலைத் திறந்து காட்ட வேண்டும். எழுத்தாளரின் சாதி, கட்சி, குழு ஆகியவற்றை வைத்து நூலை எடைபோடும் பேச்சைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுவேன். இதனால் ஓரிருவர் கோபித்துக்கொண்டு வராமலும் போயிருக்கிறார்கள். ஆயினும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கும் சண்டை நல்ல சண்டையாகவே முடிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு மாலைக்குப் பிறகு, எதிர்த்துப் பேசியவரே அந்த நூலை மறுபடியும் படிக்க வாங்கிச் சென்றிருக்கிறார்.

மொழிபெயர்ப்பு நூல்களைப் பற்றிப் பேசலாமா?

பேசுங்கள், பேசும்போது மொழிபெயர்த்தவரின் பெயரையும் மறவாமல் சொல்லுங்கள். காண்டேகர் மராத்தியில் எழுதியவர் என்பதையே மறந்து தமிழ் எழுத்தாளராகக் கருதிய ஒரு தலைமுறை இங்கே இருந்தது என்றால், அதற்குக் காரணம் கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழ். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு அனுப்பிய உருசிய நூல்களின் தமிழாக்கங்கள், கெட்டி அட்டையோடு மிகக் குறைந்த விலையில் எங்கள் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தன. எங்கள் வட்டத்தில் அறுபதைக் கடந்தவர்களில் பலரிடம் அவற்றில் ஒன்றாவது இன்னமும் இருக்கிறது. அந்தத் தாளின் மணத்தை வைத்தே நூலை அடையாளம் சொல்பவர்களும் உண்டு.

கண் மங்கிவிட்டது, இப்போது ஒலிநூல்தான் கேட்கிறேன். அதை வாசிப்பு என்று ஏற்றுக்கொள்வீர்களா?

ஐயமே வேண்டாம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைத் திண்ணையில் ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, தெருவே கூடிக் கேட்ட ஊர்கள் இவை. என் பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஆனால் நல்லதங்காள் கதையின் எந்த இடத்திலும் படிப்பவர் ஒரு வரியைத் தாண்டினால், உடனே நிறுத்தித் திருத்துவார். ஒலிநூல் கேட்பவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: மனத்தில் தைத்த இடம் வந்ததும் நிறுத்தி, அது எத்தனையாவது நிமிடம் என்று குறித்துவையுங்கள். கூட்டத்தில் அந்த இடத்தை எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்.

பேசப்படும் நூல்கள் எனக்கு எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க என்னால் இயலாது.

முதலில் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்புகள் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலிக்கின்றன. வரி கட்டுகிற எல்லோருடைய பணமும் அந்த அடுக்குகளில் இருக்கிறது. எடுத்துப் படிப்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது விதி; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விதியின் பொருள் எனக்கு விளங்கியது, எங்கள் நூலகத்தின் தேதிச்சீட்டு ஒன்றைப் பார்த்தபோதுதான். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டில், கடைசி முத்திரை பதினோரு ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவர் அந்த நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகு, அடுத்த ஐந்து மாதங்களில் அதே சீட்டில் ஆறு முத்திரைகள் விழுந்தன. அத்தனை ஆண்டுகளும் அந்த நூல் அதே அடுக்கில்தான் இருந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்குத்தான் ஆள் இருக்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள், தை மாதத்தை ஒட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ மாவட்டங்களில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்கோ காத்திருந்தால், வழக்கமாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். எங்கள் வட்டத்தில் நான்கைந்து பேர் கலந்து பேசி, ஒரே நூலை இருவர் வாங்காமல் பட்டியலைப் பிரித்துக்கொள்கிறார்கள். பழைய நூல்களை இணையத்தில் தேடுபவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் நடந்துவரும் மதுரைத் திட்டமும் உதவும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடுவோர் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். வேறெங்கும் தேடி அலுத்துப்போன இதழ்களை நான் அங்கே கண்டெடுத்திருக்கிறேன்.

நூலின் பிடிஎஃப் கோப்பு என்னிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பலாமா?

பதிப்புரிமை முடிந்த நூல் என்றாலும், அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்து என்றாலும் தாராளமாக அனுப்பலாம். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். ஆகவே சட்டக்கணக்கில் அவருடைய எழுத்துகளின் உரிமை 2008 இறுதிவரை இருந்திருக்க வேண்டும். ஆனால் 2002-இலேயே அவை நாட்டுடைமையாகிவிட்டன. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நூலைக் கோப்பாகச் சுற்றுக்கு விடுவதை நாங்கள் அனுமதிப்பதில்லை. தமிழில் ஆயிரம் பிரதிகள் விற்பதே பெரும்பாடாக இருக்கும்போது, அந்த நூலை விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே அதை எழுதியவரின் வருவாயைப் பறிப்பது தகாது. ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, நூலின் பெயரையும் பதிப்பகத்தையும் சேர்த்து எழுதுங்கள். படிக்க விரும்புபவர் தேடிப் போவார்.

இரவல் கொடுத்த நூல் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது?

இந்த வலியை நானும் அறிவேன். பென்சிலால் ஓரக்குறிப்புகள் எழுதி, இருபது ஆண்டுகளாக நான் வைத்திருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை வாங்கிச் சென்றவர், பிறகு ஊரை விட்டே போய்விட்டார். நூலை மறுபடியும் வாங்கிவிட்டேன். அந்தக் குறிப்புகளை வாங்க முடியவில்லை. இருபத்தைந்து வயதில் அந்தக் கதைகளைப் படித்தபோது என்ன நினைத்தேன் என்பது அந்த ஓரங்களில்தான் இருந்தது.

அதன் பிறகு ஒரு நீளநோட்டு வாங்கி, கூட்டத்தில் நடுவில் வைக்கத் தொடங்கினோம். நூலின் பெயர், கொடுத்தவர், வாங்கியவர், தேதி என நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில், நூலைத் திருப்பிக் கொடுப்பவர் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும். இந்த ஐந்தாவது கட்டத்தைச் சேர்த்த பிறகு நூல்கள் விரைவாகத் திரும்பி வருகின்றன. எழுதிய வரியைக் காட்ட வேண்டும் என்ற ஆவல்தான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். குறிப்புகள் எழுதிய உங்கள் சொந்தப் பிரதியைக் கொடுக்க மனமில்லை என்றால், மனமில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் அதே மூன்று நிமிடங்கள் உண்டு. அவர்கள் பேசும்போது பெற்றோர் அடியெடுத்துக் கொடுக்கக் கூடாது.

எங்கள் ஊரில் இப்படி எதுவும் இல்லை. நான் ஒருவன் மட்டும் எப்படித் தொடங்குவது?

நாங்கள் மூன்று பேரோடுதான் தொடங்கினோம். முதல் ஆறு மாதங்களில் இரண்டு பேர் மட்டுமே வந்த நாட்களும் உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகரிடம் பேசிப் பாருங்கள். பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஓர் அமைப்பு ஏட்டளவிலாவது இருக்கும், அதை எழுப்பிவிட்டால் இடமும் கிடைத்துவிடும். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மழை பெய்தாலும், ஒருவர்தான் வந்தாலும், அந்த ஒருவரிடம் என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுக் கூட்டத்தை நடத்திவிடுங்கள். பெரிய பேச்சாளரை அழைத்துத் தொடக்கவிழா வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. விழாவுக்கு வரும் நாற்பது பேரில் அடுத்த மாதம் யாரும் வருவதில்லை என்பதைப் பக்கத்து ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

ஆள் கிடைக்கவில்லை என்றால், நூலகத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு நூலிலும், நூலகரிடம் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பிடித்த பக்கத்தின் எண்ணை எழுதிய ஒரு துண்டுச்சீட்டை வைத்துத் திருப்பிக் கொடுங்கள். எங்களுடைய மூன்றாவது உறுப்பினர் அப்படித்தான் கிடைத்தார். நான் வைத்த சீட்டின் பின்புறத்தில், “112-ஆம் பக்கத்தையும் பாருங்கள்” என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது யாருடைய கையெழுத்து என்று நூலகரிடம் கேட்டேன்.